பதினொரு பேருக்கு ஒரு வான்

நான் அந்த வானுக்குள் மண்டியிட்டு, பின் ஆசனத்தை நாடாவால் அளந்துகொண்டிருந்தேன். வெளியே ஹனிபா நானாவின் முற்றத்தில் கொக்கோ விதைகள் சாக்குகளில் புளித்துக்கொண்டிருந்தன. அந்த வாசனையும் வானின் பழைய ரப்பர் வாசனையும் ஒன்றாகக் கலந்திருந்தன.

“மொதலாளி, இது வான். சீத்தைத் துணி இல்ல,” என்றார் ஹனிபா நானா, கதவருகே நின்றபடி. “நாடா எடுத்துக்கிட்டு வான் பாக்க வந்த ஆள நா இன்டைக்கித்தான் பாக்குறேன்.”

“நாற்பத்தெட்டரை அங்குலம்,” என்று சொல்லி, டயரியில் எழுதிக்கொண்டேன்.

எனக்கு மாத்தளைக் கடைவீதியில் புடவைக்கடை. அளப்பது என் தொழில். ஹனிபா நானாவுக்கு மிளகும் கொக்கோவும் தொழில். பழைய வாகனங்கள் பக்கத்தொழில். அந்த வருடங்களில் தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். புது வாகனம் வெளியிலிருந்து வருவது அரிதாகிவிட்டது. ஆகவே ஓடக்கூடியது எதுவாக இருந்தாலும் யாராவது ஓட்டி விட்டுப்போனதாகத்தான் இருக்கும்.

அன்று அவர் முற்றத்தில் இரண்டு வான்கள் நின்றன. ஒன்று பச்சை, மற்றது சாம்பல்.

பச்சையும் சாம்பலும்

பச்சை வான் ஒரு துரையுடையது. ஓட்டுபவரோடு சேர்த்து ஏழு பேர் உட்காரலாம். கதவுகள் ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொள்ளும். அதோடு ஒரு குறிப்பேடும் வந்தது. எண்ணெய் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், பிரேக் இறுக்கிய நாள் எல்லாவற்றையும் அந்தத் துரை சாய்ந்த கையெழுத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். நான் அதை இரண்டு முறை வாசித்தேன். வானைவிட அந்தக் குறிப்பேடுதான் என்னைப் பிடித்துக்கொண்டது என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

சாம்பல் வான் ஏதோ ஒரு தோட்டத்தில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிறக்கியது. பின்னால் நீளமாக இரண்டு பெஞ்சுகள். பதினொரு பேர் உட்காரலாம். கதவைத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். தரையில் ஓரிடத்தில் ஓட்டை விழுந்து, அதன்மேல் பிஸ்கட் டின் மூடி ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார்கள். குறிப்பேடு என்று எதுவும் இல்லை.

“இதப் பத்தி எழுதினது ஏதும் ஈக்கா?” என்று அவர் பேச்சிலேயே கேட்டேன்.

“எழுதினது இல்ல மொதலாளி. ஓடினது ஈக்கி,” என்றார்.

ஏன் வான் தேவைப்பட்டது

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் முதல் சைக்கிளைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், சைக்கிளிலிருந்து நேராக வானுக்கா தாவினீர்கள் என்று கேட்டிருக்கிறார். இல்லை. நடுவில் பஸ்ஸும் வாடகைக் காரும் இருந்தன.

எனக்கு அப்போது நான்கு பிள்ளைகள். பஸ்ஸில் ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போது எண்ணுவேன். ஒருமுறை இரத்தோட்டையில் இறங்கி எண்ணியபோது ஐந்து வந்தது. யாருடைய பிள்ளையோ என் இரண்டாவது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தது. தகப்பன் அடுத்த சந்தியிலிருந்து ஓடிவரும்வரை அதையும் சேர்த்துக் காத்துக்கொண்டு நின்றோம்.

வாடகைக் கார்காரர் கந்தசாமி வாய்விட்டே சொல்லிவிட்டார். “மொதலாளி, ஒங்க குடும்பத்துக்கு இனிமே ரெண்டு ட்ரிப்பு. ஒரே ட்ரிப்புன்னா ஒங்கள விட்டுட்டுத்தான் போகணும்.”

“அது ஒண்ணும் பெரிய நட்டமில்ல,” என்றாள் என் மனைவி சரசு.

பிறகு அவள் ஐந்தாவது முறை கர்ப்பமானாள். பஸ்ஸில் குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். நாங்கள் இருவர், பிள்ளைகள் நால்வர், வரப்போவது ஒன்று. ஏழு. பச்சை வானில் ஏழு இடம்.

துணிக்கடையில் பிள்ளைகளுக்கு வெட்டும்போது, வளர்கிற பிள்ளை என்று ஒரு சாண் கூட்டி வெட்டுவோம். மடித்துத் தைத்துவிட்டால் வருடா வருடம் பிரித்துக்கொள்ளலாம். ஆசனத்துக்கும் அதேபோல் பிள்ளைக்கு இரண்டு அங்குலம் கூட்டி அளந்தேன். அப்போதும் பச்சை வான் போதுமானதாகவே இருந்தது.

அளவுகளைச் சரசுவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“புள்ளைக வளர்றதுக்கு எடம் விட்டுருக்கீங்க,” என்றாள். “வர்றவங்களுக்கு விடல.”

“வரப்போற புள்ளையும் சேத்துத்தான் ஏழு.”

“நா அதச் சொல்லல,” என்றாள்.

பாக்கியம்

அவள் சொன்னது என் தங்கை பாக்கியத்தை.

பாக்கியத்தை இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எல்லோரும் மனுப்போட்ட காலத்தில் நான் போட்ட மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவள் பெயர் கணவனின் மனுவில் இருந்தது. அது தள்ளப்பட்டது. பின்னால் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் ஒப்பந்தம் செய்தபோது அவள் கணவர் இந்தியாவுக்குப் போவதாக எழுதிக்கொடுத்தார். எழுதிக்கொடுத்த மறுவருடம் காய்ச்சலில் இறந்துபோனார்.

பாக்கியம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் மல்லிகாவுக்குப் பன்னிரண்டு வயது, அடுத்தவன் செல்வம், கடைசிப் பையன் இடுப்பைவிட்டு இறங்காதவன்.

நான் வான் பார்க்கத் தொடங்கிய மாதத்தில்தான் அவர்கள் இந்தியாவுக்குப் போவதற்கான பேப்பர் வந்தது. போவதென்றால் தோட்ட ஒபீஸில் பெரிய கிளாக்கர் பெயர்களைச் சரிபார்த்துக் கண்டியிலுள்ள இந்திய அலுவலகத்துக்கு அனுப்புவார். இந்தியாவில் அவளுக்குத் தெரிந்தவர் யாருமில்லை. எங்கள் அப்பா பிறந்த ஊரின் பெயர் மட்டும் தெரியும். இங்கேயே இருப்பதென்றால் தோட்டம் கொடுத்த லயத்து அறையை நம்பி இருக்க முடியாது. இருக்க ஓர் இடம் வேண்டும். அது என் வீடு ஒன்றுதான்.

அவள் என்னிடம் கேட்கவில்லை. நானும் அழைக்கவில்லை. கேட்டால் யோசிக்கலாம் என்று இருந்தேன். கேட்பது அவளுடைய முறை என்பது என் ஒழுங்கு.

ஏற்றப் பரீட்சை

எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் சமதரையில் ஓட்டிப் பார்த்து நம்புவதில்லை. இரத்தோட்டையைத் தாண்டி மலைக்குப் போகும் பாதையில், வண்டி கொள்ளுமளவு பாரம் ஏற்றி, மேலே ஏறிக் காட்ட வேண்டும்.

“அரிசி மூட்டை ஏத்தட்டா?” என்று ஹனிபா நானாவிடம் கேட்டேன்.

“மூட்டை சும்மா கெடக்கும். மனுசன்தான் அசைவான், சாய்வான், சண்ட புடிப்பான். அதுதான் வண்டிக்கிச் சோதனை. ஆள ஏத்துங்க.”

பச்சை வானை ஒரு சனிக்கிழமை சோதித்தோம். பியசேன பாஸ் ஓட்டினார். அவர் எங்கள் தெருவின் மெக்கானிக், சிங்களவர். தமிழை அவர் வசதிப்படி பேசுவார். அவர், நான், சரசு, நான்கு பிள்ளைகள். சரியாக ஏழு. வான் முனகாமல் ஏறியது.

சாம்பல் வானுக்குப் பதினொரு பேர் வேண்டும். நான்கு குறைந்தது. பாக்கியமும் மூன்று பிள்ளைகளும் நான்கு பேர். தோட்டமோ அந்த ஏற்றத்தின் அடியிலேயே இருந்தது. எண்ணிக்கை இவ்வளவு சரியாக வந்ததில் எனக்கு ஒரு திருப்தி ஏற்பட்டதை மறைக்கவில்லை.

தோட்டத்துக்குப் போகும் பஸ் கண்டக்டரிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். அதன் நகல் டயரியில் இருக்கிறது.

“ஞாயிறு காலை ஒன்பதுக்குப் பிள்ளைகளுடன் சந்தியில் நிற்கவும். பெரிய வான் ஒன்று பார்த்திருக்கிறோம். எல்லோருமாக ஏறிப் பார்க்க வேண்டும். சாப்பாடு கொண்டுவர வேண்டாம்.”

பாரத்துக்காக என்று எழுதவில்லை. மறைப்பதற்காக அல்ல. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் வளைவு

அவர்கள் எட்டரைக்கே வந்து நின்றிருந்தார்கள். தீபாவளிக்கு நான் கொடுத்த துணியில் தைத்த சட்டைகள். மல்லிகாவின் பாவாடையில் மடிப்புப் பிரித்த கோடு தெரிந்தது. வேண்டாமென்று எழுதியும் ரொட்டியும் சம்பலும் ஒரு டின்னில் வந்திருந்தன.

“நாங்க எங்கண்ணே ஒக்காரணும்?” என்று பாக்கியம் கேட்டாள்.

நான் இடங்களைக் காகிதத்தில் முன்பே வரைந்து வைத்திருந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி முன்னால். பாரம் சீராக இருக்கப் பெரியவர்கள் சக்கரத்துக்கு மேலே. பாக்கியத்துக்குப் பெஞ்சின் கடைசி ஓரம்.

என் இரண்டாவது மகனுக்கும் செல்வத்துக்கும் சன்னலுக்காகச் சண்டை வந்தது.

“எங்கப்பாதான்டா வாங்குறாரு,” என்றான் என் மகன்.

“வாங்கட்டும். நாங்களும்தான இனிமே வரப்போறோம்,” என்றான் செல்வம்.

நான் அதைக் கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்து, புறப்பட்ட நேரத்தை எழுதினேன்.

நான்கு வளைவுகள் வரை வான் வந்தது. ஐந்தாவதில் முக்கியது, நடுங்கியது, நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. பியசேன பாஸ் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தார். ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, தண்ணீர் ஊற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

“பர வெடி, மாத்தயா,” என்றார். “பாரம் கூட. இஞ்சின் சரிதான். கொஞ்சம் பேர் எறங்கினா போகும்.”

நான் டயரியை எடுத்தேன். வான் நின்ற நேரத்தை எழுதி முடித்து நிமிர்ந்தபோது பின்கதவு திறந்திருந்தது. பாக்கியம் கடைசிப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றாள்.

“ஏம்மா, நம்ம மட்டுமா?” என்று மல்லிகா உள்ளேயிருந்து கேட்டாள்.

“நடந்தா ஒடம்புக்கு நல்லதுடி. வா. செல்வம், எறங்கு.”

அந்த வானில் எல்லோரிலும் கனமானவன் நான். இறங்கியிருக்க வேண்டியவன் நான்தான். இப்போது இதை எழுதுவது எளிது. அன்றைய பக்கத்தில் இருப்பது இது: “ஐந்தாம் வளைவு. நால்வர் இறங்கினர். ஏழு பேருடன் இரண்டாம் கியரில் தடையின்றி ஏறியது.”

மேலே ஒரு பாறையருகே நிறுத்திக் காத்திருந்தோம். பதினாறு நிமிடங்கள். சரசு வானைவிட்டு இறங்கி, பாதையைப் பார்த்தபடி நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ஏழு பேரோட ஏறிடுச்சு,” என்றாள். “போதுமா?”

அவர்கள் வளைவு திரும்பி வந்தார்கள். பிள்ளைகளின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“மாமா, நாங்க எறங்கினதும் ஜோரா போயிருச்சுல்ல?” என்றான் செல்வம். உதவி செய்த பெருமை அவனுக்கு.

பாக்கியம் மூச்சு வாங்கினாள். பிறகு ரொட்டி டின்னைத் திறந்து, என் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“நேத்து பெரிய கிளாக்கர்ட்ட சொல்லிட்டேண்ணே. இந்தியாவுக்குப் போகல, எங்க பேர வெட்டிருங்கன்னு. எங்களையும் சேத்துத்தான் அண்ணே பெரிய வானாப் பாக்குறாருன்னேன். கடுதாசியக் காட்டினேன். அவரு நல்ல மனுசன். ‘எதுக்கும் திங்கக்கெழம வரைக்கும் பேப்பர வெச்சிருக்கேன், பாத்துட்டு வந்து சொல்லு’ன்னாரு.”

நான் டயரியை மூடினேன்.

“வெச்சிருந்ததும் நல்லதாப் போச்சு,” என்றாள். “நாளைக்கிக் காலையில போயி, போறோம்னே சொல்லிடுறேன். நீங்க பச்சையே எடுங்கண்ணே. அதுதான் நல்லா ஏறுதாம்ல.”

திரும்பும்போது இறக்கம். பாரம் ஒரு பொருட்டில்லை. பதினொரு பேரும் உட்கார்ந்தே வந்தோம். சந்தியில் அவர்களை இறக்கிவிட்டோம்.

பதினேழு வரிகள்

வீட்டுக்கு வந்ததும் மேசையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். இரண்டு வான்களையும் பதினேழு வகையில் ஒப்பிட்டிருந்தேன். எஞ்சின், பிரேக், டயர், கதவு, மழை ஒழுக்கு என்று போகும். பதினான்கில் பச்சை மேல். மூன்றில் சாம்பல் மேல். நேர்மையான பட்டியல்தான், இன்று போட்டாலும் அதே விடைதான் வரும்.

சரசு ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“பாக்கியம் பேரு எங்கயும் இல்லையே,” என்றாள்.

“இது வானப் பத்தின பட்டியல்.”

“அதான் கேக்குறேன்.”

“அவ கேக்கவே இல்லையே சரசு. ஒரு வார்த்த கேட்டாளா?”

“ஒங்ககிட்டயா? நேரம், தேதி, காரணம் எல்லாம் எழுதி நீட்டினாத்தான ஒங்களுக்குக் கேக்கும்? அவ மலையேறி நடந்து வந்தாளே, அது கேக்குறது இல்லையா?”

நான் வீட்டில் இடம் போதாது என்று தொடங்கினேன்.

“கடைக்குப் பின்னால துணிமூட்ட போடுற ரூம் இருக்கு,” என்றாள். “மூட்டைய மேல ஏத்தினா நாலு பாய் விரிக்கலாம். நா வெள்ளிக்கெழமையே அளந்துட்டேன். ஒங்க நாடாவாலதான்.”

திங்கட்கிழமை

மறுநாள் விடிந்ததும் பியசேன பாஸையும் அழைத்துக்கொண்டு ஹனிபா நானாவின் முற்றத்தில் நின்றேன். அவர் சுபஹ் தொழுதுவிட்டு, தொப்பியோடு கொக்கோ சாக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“பச்சைக்கித் தண்ணி அடிச்சுக் கழுவியே வெச்சீக்கிறேன் மொதலாளி.”

“சாம்பலத் தாங்க.”

அவர் பியசேன பாஸைப் பார்த்தார். பாஸ் வானத்தைப் பார்த்தார்.

“ஏறாத வண்டியயா? அஞ்சாம் வளைவுல நின்டதாம், ஊரே செல்லுது.”

“ஏறும். நாங்க எறங்கினா ஏறும்.”

“அப்ப ஒங்களுக்கு வான் எதுக்கு மொதலாளி? நடந்தே போயிடலாமே,” என்று சிரித்தார். ஆனால் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். பச்சை வானின் குறிப்பேட்டை அவர் மேசையில் கண்டேன். எடுத்துப் பார்க்கவில்லை.

அந்த வானைப் பற்றி ஒரு தகவல் மட்டும். அதன் குறை கடைசிவரை தீரவில்லை. நிறைய ஆட்களோடு போகும்போது ஐந்தாம் வளைவில் நடக்கக்கூடியவர்கள் இறங்குவோம். முதலில் இறங்குவது நான்.

அன்று நானும் பியசேன பாஸும் மட்டும் என்பதால் வான் சிரமமில்லாமல் போனது. தோட்ட ஒபீசுக்கு முன்னால் மிளகுக்கொடி படர்ந்த ஒரு பலாமரம். அதன் கீழே பனி இன்னும் கலையவில்லை. ஒபீஸ் விறாந்தையில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். லீவு கேட்க வந்தவர்கள், மருந்துத் துண்டு கேட்க வந்தவர்கள். பாக்கியம் மூன்றாவதாக நின்றாள். கையில் அந்தப் பேப்பர்களைச் சுற்றிய மஞ்சள் பை இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் பெரிய கிளாக்கர் முதல் ஆளுடன் பேசிக்கொண்டிருந்தார்.

வானின் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். நிறத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வரிசையை விட்டு வரவில்லை.

நான் விறாந்தைப் படியில் ஏறி அவளருகே நின்றேன். பேச வேண்டியதை வழி நெடுகத் தயார் செய்திருந்தேன். அதில் ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

“கடைக்குப் பின்னால ரூம ஒதுங்க வைக்கிறாங்க,” என்றேன். “நாலு பாய் விரிக்கலாம்.”

ஜன்னலில் முதல் ஆள் விலகினான். வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

“மதினி சொன்னாங்களா, நீங்களாண்ணே?” என்று கேட்டாள். தாழ்ந்த குரல், ஆனால் முன்னால் நின்ற பெண்ணும் பின்னால் நின்ற கிழவரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“நான்தான்,” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“ஒங்களுக்குப் பொய் சொல்ல வராதுண்ணே,” என்றாள். “ஆனா இதச் சொல்றதுக்கு இவ்வளவு தூரம் வந்துருக்கீங்க.”

முன்னால் இருந்த பெண் நகர்ந்து, ஜன்னல் காலியானது. பெரிய கிளாக்கர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “என்னம்மா முடிவு?” என்றார். பாக்கியம் பையைத் திறக்கவில்லை.

“சனிக்கெழம சொன்னதுதாங்க, ஐயா,” என்றாள். “பேர வெட்டிருங்க.”